டெலிபோன் லைனில் வந்த வீரர்கள்

எண்பதுகளின் கடைசியில் எனக்கு சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. டாக்குமெண்ட் கிளார்க். தாளில் எழுதியிருப்பதும் பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை, பார்க்கச் சொன்னவரும் இல்லை. வயது முப்பத்திரண்டு. சிராங்கூனில் மூவறை வீடு, மனைவி, பிள்ளை இன்னும் இல்லை. அந்த வருட போனஸில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன்.

"இந்தக் காசுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம் லா," என்றாள் மனைவி. அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளர்.

"கம்ப்யூட்டர்தான் ஃபியூச்சர்."

"ஃபியூச்சர்ல துணிய யாரு துவைப்பா?"

அவள்தான் துவைத்தாள்.

அவள் கிறிஸ்தவக் குடும்பம், நான் இந்து. பதிவுத் திருமணம். என் வீட்டார் மூன்று மாதம் பேசவில்லை. அவள் வீட்டார் எனக்காக ஜெபித்தார்கள். இரண்டில் பேசாமல் இருந்ததுதான் எனக்கு வசதியாக இருந்தது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் போவோம். சரியாகாத ஒரே ஆள் அவளுடைய தாய்மாமா. பஸ் டிப்போவில் மெக்கானிக், ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துவார். மற்ற நாளில் வேலை முடிந்ததும் ஜிப் போன ஒரு பழுப்புத் தோல் பையில் துண்டுப் பிரசுரங்களை அடைத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் புளோக் புளோக்காகப் போவார். ஜிப்புக்குப் பதில் பெரிய ஊக்கு ஒன்று குத்தியிருப்பார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை, இன்னைக்கு ராத்திரி செத்துட்டா எங்க போவீங்க?" என்று கேட்பார். விருந்துக்கு வந்த வீட்டில் கேட்கிற கேள்வி அது.

என் நண்பர் ஒருவர் பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். அங் மோ கியோவில் வீடு. இரண்டாவதாக ஒரு டெலிபோன் லைன் எடுத்து, மோடம் என்கிற சிறிய பெட்டி வழியாகத் தன் கம்ப்யூட்டரை அதில் இணைத்து வைத்திருந்தார். நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தால் முதலில் கீச்சென்று ஒரு சத்தம் வரும், பிறகு திரையில் பச்சை எழுத்துகள் ஊர்ந்து வரும். மற்றவர்கள் எழுதிவிட்டுப் போனதைப் படிக்கலாம், நாமும் எழுதலாம். அதற்குப் போர்டு என்று பெயர். தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். இருபது நிமிடத்தில் தானாகத் துண்டித்துவிடும். சொந்தப் பெயர் யாரும் போடுவதில்லை. நான் 'கார்கோ' என்று வைத்துக்கொண்டேன். நண்பரை எல்லோரும் போர்டுக்காரர் என்றோம். இன்றைக்கு இணையத்தைப் பற்றிச் சொல்லி எல்லோரும் வாய்பிளக்கிறார்களே, அந்த அசிங்கம் அத்தனையும் அந்த ஒற்றை லைனில் எங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

முதல் சில மாதம் போர்டில் ஈ ஓட்டினார் நண்பர். பிரிண்டர் ரிப்பன் எங்கே மலிவு, தேக்கா சந்தையில் எந்தக் கடையில் ஆட்டிறைச்சி நல்லது, புதுப்படம் பார்க்கலாமா வேண்டாமா என்று நாளைக்கு இரண்டு மூன்று செய்தி. அவருக்கு அது பெரிய கவலை. டெலிபோனில் அழைத்து, "நேத்து நாலே நாலு கால்தான் வந்துச்சு லா. அதுல ஒண்ணு நான் டெஸ்ட் பண்ணது," என்று புலம்புவார்.

பிறகு 'இடிமுழக்கம்' வந்தார்.

அந்த வருடங்களில் புளோக்குகளில் கதவைத் தட்டி மதம் பேசுகிறவர்கள் கொஞ்சம் அதிகம்தான். தபால் பெட்டியில் பிரசுரம், லிஃப்டில் பிரசுரம், ஆஸ்பத்திரிப் படுக்கையில் பிரசுரம். உங்கள் சாமியெல்லாம் பேய் என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆட்களும் இருந்தார்கள். எரிச்சல் பொய்யில்லை. இடிமுழக்கம் அந்த எரிச்சலைப் பற்றி முதலில் நிதானமாகத்தான் எழுதினார். நான்கு பேர் ஆமாம் போட்டார்கள். அடுத்ததைக் கொஞ்சம் காரமாக எழுதினார். பத்துப் பேர் வந்தார்கள். மூன்றாவதில், "பேசிப் பயனில்லை, கை பேச வேண்டும்" என்று எழுதினார். அன்றைக்குப் போர்டுக்குள் நுழைய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அத்தனை பேர் வரிசையில் நின்று எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நானும் சுழற்றினேன். எனக்கு மதம் ஒரு பொருட்டில்லை, சண்டை ஒரு பொருட்டாக இருந்தது. சாங்கியில் ஒன்பது மணி நேரம் முத்திரை குத்திவிட்டு வருகிறவனுக்கு, முகம் தெரியாத இருபது பேர் தான் எழுதியதைப் படிக்கிறார்கள் என்பது லேசான போதையில்லை.

அந்தத் தீபாவளிக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை வழியனுப்ப நானும் கூட இறங்கியபோது லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். பையைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு பிரசுரமும் கொடுத்தார். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றன, பிரசுரத்தில் ராக்கெட் செய்து மாடியிலிருந்து விட்டன. நடந்தது இவ்வளவுதான்.

நான் அதைப் போர்டில் எழுதினேன். வேட்டைக்காரர் ஒருவர் லிஃப்டில் ஆத்துமாக்களை வேட்டையாடுகிறார், ஊக்குக் குத்திய பழுப்புப் பைதான் துப்பாக்கி, பிஸ்கட்தான் தோட்டா, இன்றைய வேட்டை இரண்டு உருப்படி என்று கிண்டலாக. என் புளோக் எந்தப் பள்ளிக்கு எதிரே இருக்கிறது, அவர் எந்தெந்தக் கிழமை வருவார் என்பதையும் சுவைக்காகச் சேர்த்தேன். மனைவியின் மாமா என்பதை மட்டும் கவனமாக விட்டுவிட்டேன். அவ்வளவு புத்தி இருந்தது.

அடுத்த நாள் பதினேழு பதில்கள். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதற்கும் அத்தனை பேர் பதில் சொன்னதில்லை. வேலையில் நான் எழுதிய மனுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு வாரத்தில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. பிஸ்கட் மிட்டாயாயிற்று. மிட்டாயில் ஏதோ கலந்திருந்ததாக ஒருவர் சந்தேகப்பட்டார். அடுத்தவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பிள்ளைகள் ஏழு பிள்ளைகள் ஆனார்கள். அவர்களை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூட்டி முருகன் படத்தின் மேல் துப்பச் சொன்னதாக இடிமுழக்கம் எழுதினார், தன் நண்பரின் தம்பி கண்ணால் பார்த்தாராம். எழுதியவர் எவருக்கும் அது பொய் என்று தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகைதான் சேர்த்தார்கள். முன்னால் எழுதியவனைவிட ஒரு படி மேலே எழுதாவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அதுதான் காரணம்.

போர்டுக்காரர் ஆனந்தத்தில் மிதந்தார். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதாம். அதற்கு ஒரு விதி கண்டுபிடித்தார்.

"டிஸ்க் ஃபுல் ஆச்சுன்னா எந்த மெசேஜுக்கு ரிப்ளை இல்லையோ அத முதல்ல அழிச்சிடும். ப்ரோக்ராம் நானே எழுதுனேன். நியாயமா இருக்குல்ல?"

"நியாயம்தான்," என்றேன்.

ஆட்டிறைச்சிச் செய்தி, ரிப்பன் செய்தி, "கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்" என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய செய்தி எல்லாம் அழிந்தன. ரத்தம் கேட்ட செய்திகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. புதிதாக உள்ளே வருகிற ஒருவர் திறந்தவுடன் பார்ப்பது அவற்றை மட்டும்தான். உலகமே இப்படித்தான் நினைக்கிறது போலிருக்கிறது என்று அவர் எண்ணியிருந்தால் அது அவர் குற்றமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் போர்டுக்காரர் எல்லோரையும் நேரில் சந்திக்க வைத்தார். சிராங்கூன் சாலையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் மாடி. ஐந்து பேர் வந்தோம். இடிமுழக்கத்தைக் காண எனக்கு ஆவல். மீசையும் மார்புமாக ஓர் ஆளை எதிர்பார்த்தேன். வந்தவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் பேப்பர், பென்சில் கொள்முதல் செய்கிற அதிகாரி. ஒல்லி. கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்ட சட்டை, பாக்கெட்டில் நான்கு பேனா. சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்று மூன்று முறை தண்ணீர் கேட்டார். பரிமாறியவரிடம் "சாரி, சாரி" என்றே பேசினார்.

"நம்ம பேச்சு வெளியே போகக்கூடாது," என்றார் தாழ்ந்த குரலில். "எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா என் புரமோஷன் காலி."

அதற்கு அடுத்த வாக்கியத்தில், "நாலு பேருக்குக் கால ஒடச்சாத்தான் இவனுங்க அடங்குவானுங்க," என்று அப்பளத்தை உடைத்தார்.

எல்லோரும் சிரித்தோம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டட வரைபடம் வரைகிற ஒரு நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து போர்டைப் படிப்பாராம். இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கதானே கார்கோ?"

"ஆமா."

"அந்த பழுப்பு பேக்கு, அந்த ஊக்கு, அதெல்லாம் உண்மையா?"

அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்குத் தெரியும். அது வெறும் பிஸ்கட் பாக்கெட்டுதான், அந்த ஆள் என் மனைவியின் மாமா, தொல்லை பிடித்தவர், ஆபத்தில்லாதவர் என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் ஒருவர் என்னைத் தேடி வந்து, என் பெயரை மரியாதையாகக் கேட்டு நிற்கிறார்.

"பேக்கு உண்மைதான். நான் கண்ணால பார்த்தேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "என் தங்கச்சியும் அப்படி ஒரு கூட்டத்துலதான் சேர்ந்துட்டா. எங்கப்பா செத்தப்ப காரியத்துக்கு வரல. வாசல்ல நின்னுட்டுப் போயிட்டா. பேய்க்குப் படைக்கிற எடத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டா."

எந்தக் கூட்டம் என்று நான் கேட்கவில்லை. மேஜையில் பாயசம் வந்துவிட்டது.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சாமான் வாங்க சிராங்கூன் சாலைக்குப் போனோம். மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. மனைவி சும்மா ஒன்றை எடுத்தாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து ஜெராக்ஸ் எடுத்தது. எல்லாம் இருந்தது: ஏழு பிள்ளைகள், மிட்டாய், பூட்டிய வீடு, பழுப்புப் பை, ஊக்கு, என் புளோக்குக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர், அவர் வருகிற கிழமைகள். கடைசியில் 'இவரைப் பார்த்தால் சும்மா விடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில். அதற்கும் கீழே, மேலும் விவரம் வேண்டுவோருக்குப் போர்டின் டெலிபோன் எண். சாதாரண டெலிபோனில் அழைத்தால் காதில் கீச்சென்று கத்தும் என்பதுகூட அச்சடித்த மேதைக்குத் தோன்றவில்லை. நல்ல தடித்த தாள். பேப்பர் கொள்முதல் அதிகாரி யார் என்று எனக்குத் தெரியும்.

"இது நம்ம மாமா பேக் மாதிரியே இருக்கு," என்றாள் மனைவி.

"அந்த மாதிரி பேக் ஊர் முழுக்க இருக்கு."

"ஊக்கு குத்துன பேக்கா?"

நான் பருப்பு விலையைக் கேட்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் போர்டில் எழுதினேன். முதலில் எழுதியவன் நான்தான், நடந்தது பிஸ்கட் மட்டும்தான், யாரையும் எங்கும் பூட்டவில்லை, அந்தத் தாளை யாரும் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதினேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் திட்டவில்லை, ஒருவரும் ஒரு பதிலும் எழுதவில்லை. நான்கு நாள் கழித்துப் பார்த்தேன். என் செய்தி இல்லை. போர்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ரிப்ளை வரலல்ல, அதான் அழிஞ்சிருக்கும்," என்றார். "நீங்க வேணும்னா திரும்பப் போடுங்க. கொஞ்சம் இன்ட்ரஸ்டிங்கா எழுதுங்க லா."

"அந்த நோட்டீஸ்ல உங்க போன் நம்பர் இருக்கு, தெரியுமா?"

"தெரியும், தெரியும். நல்ல பப்ளிசிட்டி. நேத்து மட்டும் எத்தன கால் தெரியுமா?"

"யாருக்காவது அடி விழுந்தா?"

"சும்மா இருங்க. எல்லாம் வெறும் எழுத்துதானே? எழுத்து யாரையாவது அடிச்சிருக்கா?"

நான் திரும்பப் போடவில்லை. மாமாவை எச்சரிக்கவும் இல்லை. எச்சரித்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், மனைவிக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் முழுக்க ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லோரும் கோழைகள், நான் பார்த்தேனே, காரத்துக்குத் தண்ணீர் கேட்கிற கூட்டம் என்று. அதில் பெரும்பாலும் நான் சொன்னது சரி. எழுதிய ஒருவனும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, எங்கள் புளோக்கின் மாடிப்படி வளைவில், அந்த டிராஃப்ட்ஸ்மேன் மாமாவை இரும்புக் குழாயால் அடித்தார். மூன்று அடி. முதல் அடி தோளில், இரண்டாவது காதோடு சேர்த்து, மூன்றாவது அந்தப் பையின் மேல். பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மேல்மாடியிலிருந்து இறங்கிவந்த ஒரு மலாய்க்கார அம்மாள் போலீஸுக்குச் சொன்னார். அவர்கள் வரும்வரை அடித்தவர் எழுந்திருக்கவில்லை. அடிபட்டவர் முனகிக்கொண்டே அவருக்காக ஜெபித்தாராம். அது அவருக்கு இன்னும் கோபத்தை ஏற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்குக் காரை எலும்பு முறிவு, இடது காதில் கேட்பது போய்விட்டது. மனைவி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மடித்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

"இதுல ஆத்துமா வேட்டைன்னு ஒரு வார்த்தை இருக்கு," என்றாள். "தீபாவளி அன்னைக்கு மாமா போனதும் இதே வார்த்தைய நீங்க என்கிட்ட சொல்லிச் சிரிச்சீங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கைகழுவுகிற இடத்தில் நடந்ததையும் சொன்னேன்.

"உங்களுக்கு மாமா மேல அவ்வளவு கோபமா?" என்று கேட்டாள்.

"கோபமே இல்ல."

"கோபம் இருந்து எழுதியிருந்தாக்கூட ஒரு கணக்கு இருக்கும். ஒண்ணுமே இல்லாம எழுதினீங்களா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அதைவிடக் கேவலமாகவும் சரியாகவும் சொன்னதில்லை.

நானாகவே போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். வீரம் ஒன்றுமில்லை, மனைவி வாசல் வரை கூட வந்தாள். போர்டுக்காரரின் கம்ப்யூட்டரை எடுத்துப்போனார்கள். அவர் அதிகாரியிடம், தான் லைன் மட்டும்தான் கொடுத்தேன், யார் என்ன எழுதினார்கள் என்று படிப்பதற்கே நேரமில்லை என்று சத்தியம் செய்தாராம். அழைப்புகளைத் தினமும் ஒன்றுவிடாமல் எண்ணியவர் அவர். இடிமுழக்கத்தையும் விசாரித்தார்கள். கால் உடைக்கிறது என்பதெல்லாம் இலக்கிய நயம், உவமை என்று விளக்கினாராம். தாள் அவர் ஆபீஸ் தாள்தான் என்று நிரூபிக்க முடியவில்லை. எச்சரித்து அனுப்பினார்கள். எனக்கும் எச்சரிக்கைதான். என்னை விசாரித்த அதிகாரி, "நீங்க படிச்ச ஆளு, இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைப் பாராட்டாக அவர் கேட்கவில்லை.

மாமா தேறி வீடு வந்ததும் கதை இன்னொரு பக்கம் கிளம்பியது. அவருடைய ஜெபக்கூட்டத்தில், ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னார். அங்கேயும் ஒருவர் டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்தார். அதில் ஒருவர் ஐந்து பேர் ஆகியிருந்தார், குழாய் வாளாகியிருந்தது, வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்து அவர்களை விரட்டியிருந்தது. மலாய்க்கார அம்மாளைக் காணவே காணோம். கூட்டத்தில் நான்கைந்து வாட்டசாட்டமான ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் மட்டையோடு வாசலில் காவல் நின்றார்கள். இதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவைப்படவில்லை.

மனைவி சொன்னதால் அவரிடமும் உண்மையைச் சொல்லப் போனேன். கையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, எல்லாம் என்னால்தான் தொடங்கியது என்று சொன்னேன். அடிப்பார் என்றோ, மன்னிப்பார் என்றோ நினைத்துப் போயிருந்தேன். இரண்டுக்கும் தயாராக ஒரு முகம் வைத்திருந்தேன்.

அவர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார்.

"நீங்களா?" என்றார். "சும்மா விளையாட்டுக்கு எழுதுனீங்களா?"

"ஆமா மாமா. மன்னிச்சிடுங்க."

"இல்ல மாப்பிள்ளை. இது சாத்தானோட வேலை. ரொம்ப நாளா திட்டம் போட்டுப் பண்ணியிருக்கான். நீங்க இதுக்குள்ள வராதீங்க."

அவருக்குப் பெரிய எதிரி வேண்டியிருந்தது. சரக்குப் பிரிவு கிளார்க் ஒருவன் போரடித்துப்போய் எழுதினான் என்று சொன்னால் அந்தச் சாட்சியை யார் ஜெராக்ஸ் எடுப்பார்கள்? அந்த ஐந்து பேரையாவது ஒருவராகத் திருத்துங்கள் என்று கெஞ்சினேன். கட்டுப் போட்ட தோளைத் தொட்டுக் காட்டி, அடிபட்டவருக்குத்தான் தெரியும் என்றார். இன்னும் இரண்டு மாதம் அந்தத் தாள் சுற்றியது. பிறகு மட்டைக்காரர்களில் இருவருக்குள் யார் தலைவர் என்று தகராறு வந்து கூட்டம் தானாகக் கலைந்தது. அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் அடுத்த குழாய் யார் தலையில் விழுந்திருக்கும் என்று தெரியாது.

வழக்கு நடந்த நாளில் நானும் மனைவியும் போனோம். டிராஃப்ட்ஸ்மேன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏன் செய்தீர் என்று கேட்டதற்கு, "எல்லாரும் சொன்னாங்க. யாரும் செய்யல," என்று மட்டும் சொன்னார். பத்துப் பதினைந்து பேர் போட்டி போட்டு எழுதியதை அவர் எல்லோரும் என்று நம்பியிருக்கிறார். பிள்ளைகள் பூட்டப்பட்டதை நம்பியிருக்கிறார். சந்தேகம் வந்தபோது கண்ணால் பார்த்தவனிடமே வந்து கேட்டும் இருக்கிறார். அந்தக் கூட்டத்தில் எழுதியதை எழுதியபடியே நம்பிய ஒரே நேர்மையான ஆள் அவர்தான். சிறைக்குப் போனதும் அவர் ஒருவர்தான். பிரம்படியும் சேர்த்துக் கிடைத்தது.

பின்வரிசையில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தார். மாமாவின் ஜெபக்கூட்டத்துப் பெண்ணேதான் அவர். நான் பாயசத்துக்காகக் கேட்காமல் விட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. தீர்ப்பு முடிந்ததும் அண்ணனின் மனைவியிடம் போனார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் அங்கேயே நின்று, "பிள்ளைங்கள நான் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றேன் அண்ணி. நீங்க வேலைக்குப் போகணும்ல," என்றார். அடுத்த வாரத்திலிருந்து அதைத்தான் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜெபக்கூட்டத்துக்கு அப்புறம் வரவில்லையாம். மாமா அதை விசுவாசத்தில் பின்வாங்குதல் என்று சொன்னார்.

கம்ப்யூட்டரை விற்றுவிட்டேன். மனைவி என்னிடம் சாதாரணமாகப் பேச ஆறேழு மாதம் ஆனது. அதற்குப் பிறகும் நான் எதையாவது வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினால், "இது நடந்ததா, இல்ல நீங்க சேர்க்கிறதா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் சிரிப்பாள்.

அந்த வருடக் கடைசியில் தேக்கா சந்தையில் இடிமுழக்கத்தைப் பார்த்தேன். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. புரமோஷன் கிடைத்துவிட்டதாம்.

"என்ன கார்கோ, ஆளையே காணோம்? புது போர்டு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டு லைன். நல்லா சூடா போகுது. நீங்க எழுதுனா நல்லா இருக்கும் லா, உங்ககிட்ட அந்த ஹ்யூமர் இருக்கு."

"அவரைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"யார?"

"உள்ள இருக்காரே, அவரை."

முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். நிஜமாகவே அவருக்கு நினைவு வரவில்லை.

"ஓ, அந்த டிராயிங் ஆளா?" என்றார் கடைசியில். "அவர் போர்டுல ஒண்ணுமே எழுதுனதில்லையே. அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

கடைக்காரரிடம் காய் முற்றல் என்று சொல்லி விலையைக் குறைத்தார். ஒரு சீட்டில் புது எண்ணை எழுதி என் சட்டைப் பாக்கெட்டில் செருகிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார். நான் அந்தச் சீட்டை அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அவர் கூட்டத்தில் மறையும்வரை காத்திருந்துதான் கிழித்தேன்.